சோலர் தேடலில் கேஷ்: அளவைக் கூட்டுவது கடைசி வேலை

தேடல் சேர்வர் மந்தமாகிவிட்டது என்று புகார் வந்ததும் பலர் முதலில் செய்வது, சோலர் (Solr) என்ற தேடல் மென்பொருளின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, கேஷ் (பழைய விடைகளை மெமரியில் வைத்திருக்கும் இடம்) அளவு 512 பதிவுகள் என்று இருப்பதை 4096 ஆக்குவதுதான். சில நாள் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும். பிறகு ஒரு காலையில் ஹீப் (சோலருக்கு ஒதுக்கிய மெமரி) நிரம்பி, சேர்வர் வேண்டாத மெமரியை விடுவிக்கும் குப்பை பொறுக்குவதிலேயே மூச்சுமுட்டி நிற்கும். கேஷ் பெரிதாக இருந்தால் வேகம் வரும் என்பது பாதி உண்மை. ஒரே கேள்வி அதே வடிவில் திரும்ப வர வேண்டும், வரும்வரை பழைய விடை தூக்கி எறியப்படாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எத்தனை கிகாபைட் கொடுத்தாலும் வீண்.

இந்தப் பதிவு முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. இன்றும் வாராவாரம் நடக்கிறது. அதன் பட்டியல்களைத் தமிழிலும் தேடிப் பார்க்க ஒரு சோலர் சேர்வர். அது ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு சிறிய அலுவலகத்தில், 4 கிகாபைட் ராம் உள்ள பழைய கணினியில் ஓடுகிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லொட்டும் (ஒரு தொகுதித் தேயிலை) ஓர் ஆவணம். தோட்டத்தின் மார்க் (விற்பனைப் பெயர்), தரம், பிரதேசம், விற்பனை இலக்கம், திகதி, கிலோ விலை ஆகியவை அதன் புலங்கள். மொத்தம் 12 இலட்சம் ஆவணங்கள் என்று கணக்குக்கு வைப்போம்.

சோலரில் கவனிக்க வேண்டிய கேஷ் மூன்று. ஃபில்டர் கேஷ், ஒரு வடிகட்டிக்கு எந்தெந்த ஆவணங்கள் பொருந்தும் என்ற பட்டியலை வைத்திருக்கும். குவெரி ரிசல்ட் கேஷ், ஒரு முழுக் கேள்விக்கு வரிசைப்படுத்திய விடையின் முதல் சில ஆவண எண்களை வைத்திருக்கும். டாக்குமென்ட் கேஷ், வட்டிலிருந்து எடுத்த ஆவணங்களையே வைத்திருக்கும். வேகமும் ஆபத்தும் முதலாவதில்தான் அதிகம். அதனால் அதைப் பற்றியே நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

ஃபில்டர் கேஷில் ஒரு பதிவு எவ்வளவு இடம் பிடிக்கும்? பொருந்தும் ஆவணங்கள் நிறைய என்றால், இன்டெக்ஸில் (சோலரின் தேடல் அட்டவணையில்) உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பிட். 12 இலட்சம் பிட் என்றால் 1,50,000 பைட், அதாவது சுமார் 150 கிலோபைட். 512 பதிவுகள் நிரம்பினால் ஏறத்தாழ 77 மெகாபைட். இது தாங்கும். ஆனால் இன்டெக்ஸ் ஒரு கோடி ஆவணமாக வளர்ந்தால் ஒரு பதிவு 1.25 மெகாபைட், 512 பதிவுகள் 640 மெகாபைட். சோலர் ஹீப்பின் இயல்பான அளவே 512 மெகாபைட்தான். அளவை 4096 ஆக்கியவர் எங்கே விழுவார் என்பது இந்தப் பெருக்கலிலேயே தெரிந்துவிடும். அழிக்கப்பட்டும் இன்னும் மெர்ஜ் ஆகாமல் (இன்டெக்ஸ் கோப்புகள் ஒன்றிணைந்து துப்புரவாகாமல்) கிடக்கும் ஆவணங்களும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

பொருந்தும் ஆவணங்கள் குறைவாக இருந்தால் சோலர் பிட் வரிசை போடாது. ஆவண எண்களை ஒவ்வொன்றும் 4 பைட்டாக அடுக்கி வைக்கும். எல்லை, மொத்தத்தில் 64இல் ஒரு பங்கு. 12 இலட்சத்தில் அது சுமார் 18,750. ஒரு தோட்டத்தின் மார்க்கை மட்டும் வடிகட்டினால் சில ஆயிரம் லொட்தான் வரும், பதிவு சில கிலோபைட்டோடு முடியும். ஆகவே மேலே சொன்ன 77 மெகாபைட் மேல் எல்லை மட்டுமே. எல்லைக்குத் தயாராக இருப்பது நல்லது.

இனி கேள்வியின் வடிவம். வடிகட்டியைச் சோலருக்குச் சொல்லும் ஒவ்வோர் எஃப்கியூ (fq) அளவுருவும் தனித்தனியாகக் கேஷில் ஏறும். இலங்கைத் தேயிலைச் சபை வகுத்திருக்கும் பிரதேசங்கள் ஏழு: நுவரெலியா, டிம்புல, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, ருகுணு, சப்ரகமுவ. தரம் பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். 'ஊவா மற்றும் பீஓபி' என்று இரண்டையும் ஒரே எஃப்கியூவில் சேர்த்து அனுப்பினால் 7 பெருக்கல் 15, அதாவது 105 வேறுவேறு பதிவுகள் உண்டாகலாம். தனித்தனி எஃப்கியூவாக அனுப்பினால் 7 கூட்டல் 15, வெறும் 22 பதிவுகள். அந்த 22ஐ வைத்தே சோலர் 105 சேர்க்கைகளுக்கும் வெட்டுக்கணம் எடுத்துக்கொள்ளும். முன்பக்க நிரலில் ஒரு வரி மாற்றினால் போதும், இதைவிட மலிவான திருத்தம் கிடையாது.

அடுத்தது விலை. பக்கத்தில் ஒரு ஸ்லைடர் வைத்து, பயனர் இழுக்கும் இடத்துக்கெல்லாம் 1187 முதல் 1342 வரை, 1188 முதல் 1342 வரை என்று வடிகட்டி அனுப்பினால், ஒவ்வோர் இழுப்பும் புதுப் பதிவு. ஒரே ஆள் பத்து நிமிடத்தில் கேஷை நிரப்பிவிடுவார். நிரம்பியதும் வெளியேறுவது 'ஊவா', 'டிம்புல' போன்ற, எல்லோரும் கேட்கும் பயனுள்ள பதிவுகளாகவும் இருக்கலாம். இதற்கு வழி இரண்டு. ஒன்று, விலையை 50 ரூபாய்ப் படிகளாக முன்பக்கத்திலேயே உருட்டி அனுப்புவது. மற்றது, அந்த வடிகட்டியின் தலையில் சுருள் அடைப்புக்குள் ஆச்சரியக்குறி போட்டு 'கேஷ்=ஃபால்ஸ்' என்று சேர்ப்பது. அப்படிச் செய்த வடிகட்டி முழு இன்டெக்ஸையும் முன்கூட்டி அலசாது, முக்கியக் கேள்வியோடு கூடவே ஓடும். மார்க்கின் பெயரால் ஏற்கெனவே குறுகிய தேடலுக்கு அதுவே வேகமானதும்கூட. ஸ்லைடருக்கு இரண்டையும் சேர்த்தே பரிந்துரைப்பேன்.

திகதியில் இன்னொரு பொறி இருக்கிறது. 'கடந்த ஏழு நாள்' என்பதற்கு 'நவ்' (இந்த நொடி) என்ற சொல்லை அப்படியே போட்டால், அது மில்லிசெக்கன்ட் வரை துல்லியமான நேரம். அடுத்த நொடியில் அதே கேள்வி வேறு கேள்வியாகிவிடும், ஒருபோதும் கேஷிலிருந்து விடை வராது. 'நவ்/டே' என்று நாளுக்கு உருட்ட வேண்டும். தொடக்கத்தை மட்டும் உருட்டி முடிவை வெறும் 'நவ்' என்று விடுகிறவர்கள் உண்டு, அதனால் பயனில்லை. முடிவையும் 'நவ்/டே+1டே' என்று எழுத வேண்டும்.

இங்கே இலங்கைக்கு மட்டும் உரிய ஒரு சங்கடம். சோலர் நாளை உருட்டுவது உலகப் பொது நேரப்படி. நமக்கு அது ஐந்தரை மணி பின்னால். அதாவது சோலருக்கு நாள் மாறுவது நம் காலை 5.30க்கு. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) போவதற்கு முன் போனில் விலை பார்ப்பவருக்கு 'இன்று' என்பது நேற்றாக இருக்கும். கேள்வியோடு நேர வலயத்தைச் சொல்லும் 'டிஇஸட்' அளவுருவில் 'ஏசியா/கொலம்போ' என்று அனுப்பினால் நள்ளிரவிலேயே நாள் மாறும். இதை எல்லாக் கேள்விகளிலும் சேர்க்க வேண்டும். சிலவற்றில் மட்டும் சேர்த்தால் ஒரே நாளுக்கு இரண்டு வேறு எல்லைகள், இரண்டு வேறு பதிவுகள்.

தமிழ் எழுத்தின் சிக்கல் இதைவிட நுட்பமானது, ஆங்கிலக் கையேடுகளில் கிடைக்காதது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் சேர்வருக்கு வேறாக இருக்கலாம். 'கொழுந்து' என்பதில் உள்ள 'கொ', ஒகரக் குறி ஒரே யுனிகோட் குறியெண்ணாகவும் வரலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியெண்களாகவும் வரலாம். சில விசைப்பலகைகள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல எழுத்தைச் செருகும். சோலர் ஒரு பதிவைத் தேடி எடுக்கும் கேஷ் சாவி, கேள்வி பாகுபடுத்தப்பட்ட பிறகு உண்டாவது. ஆகவே உரைப் புலங்களில் ஐசியு நார்மலைசரை (எழுத்துகளை ஒரே குறியெண் வடிவுக்குக் கொண்டுவரும் கருவி) சேர்த்துவிட்டால் இந்த இரு குறைகளும் சாவி உண்டாகுமுன்னே சீராகிவிடும். ஐசியு, சோலரின் அனாலிசிஸ் எக்ஸ்ட்ராஸ் தொகுதியில் இருக்கிறது. அதைத் தனியாக இயக்க வேண்டும். அதன் இயல்பான வடிவமான 'என்எஃப்கேசி கேஸ்ஃபோல்ட்' போதும்.

அது தீர்க்காதவை இரண்டு உண்டு. ஸ்ரீபாத என்ற பெயரில் முதல் எழுத்து ஸகரத்தோடும் வரும், ஶகரத்தோடும் வரும். இரண்டும் யுனிகோட்டில் வேறு எழுத்துகள், எந்த நார்மலைசரும் ஒன்றாக்காது. எழுத்தை எழுத்தால் மாற்றும் மேப்பிங் கோப்பில் ஶ என்பதை ஸ ஆக்கும் ஒரு வரி போட வேண்டும். மற்றது ஔகாரம். 'பௌர்ணமி'யை எகரக் குறியும் ளகரமும் சேர்த்து 'பெளர்ணமி' என்று தட்டுபவர்கள் ஏராளம். எகரக் குறியோடு வரும் ளகரத்தை ஔகாரமாக்கப் போனால் 'வெள்ளி', 'தெளிவு' எல்லாம் சிதைந்து, 'வெ' என்று தொடங்கும் தேடலுக்கு வெள்ளி அகப்படாமல் போகும். எதிர்ப்பக்கமாகச் செய்யுங்கள்: ஔகாரக் குறியை எகரக் குறி, ளகரம் என்று பிரித்து வையுங்கள். இன்டெக்ஸ் செய்யும்போதும் தேடும்போதும் இரண்டிலும், நார்மலைசருக்குப் பிறகு. பயனர் பார்க்கும் சேமித்த உரை மாறாது, உள்ளே உள்ள சொல் மட்டும் மாறும்.

அட்டன், ஹட்டன் போன்ற ஊர்ப்பெயர் வேறுபாட்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒத்தசொல் வரியாக வைத்தால், இரண்டு தேடலும் ஒரே சாவியாகும். பிரதேசம் போன்ற ஸ்டிரிங் வகைப் புலங்களுக்கு அனலைசரே (உரையைச் சொல்லாக்கிச் சீராக்கும் பகுதி) கிடையாது. அங்கே மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. தரவை ஏற்றுமுன்பே சீராக்க வேண்டும், அல்லது முழு மதிப்பையும் ஒரே சொல்லாகக் கொள்ளும் கீவேர்ட் டோக்கனைசர் வைத்த உரைப் புலமாக மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் தவறான குறியெண்ணோடு வந்த வடிகட்டிக்கு விடை சுழியம். அந்தச் சுழியமும் கேஷில் ஓர் இடம் பிடிக்கும். சேர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேர்வரில் கேஷ் வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: அதன் சாவி முகவரியின் வெறும் எழுத்துகள். சோலர் உள்ளே செய்யும் எந்தச் சீரமைப்பும் அதற்குத் தெரியாது.

சாவி ஒன்றானால் அடுத்தது, வைத்த விடையை எறியாமல் இருப்பது. சோலரின் மூன்று கேஷும் சேர்ச்சர் (இன்டெக்ஸை ஒரு நிலையில் திறந்து தேடும் பகுதி) ஒன்றோடு பிறந்து அதோடு சாகும். கமிட் செய்து (புதிய தரவை உறுதிப்படுத்தி) புதிய சேர்ச்சர் திறந்த உடனே பழைய கேஷ் முழுக்கப் போய்விடும். ஒரே ஒரு லொட்டின் விலை மாறினாலும் அப்படித்தான். தேயிலைப் பட்டியல் வாரத்துக்கு ஒருமுறை மாறுவது. அதற்குச் சாஃப்ட் கமிட்டை (வட்டில் உறுதியாக எழுதாமலே புதிய தரவைத் தேடலுக்குக் காட்டுவது) 1000 மில்லிசெக்கன்டுக்கு வைத்திருந்தால், தரவு ஏறும் நேரம் முழுவதும் நொடிக்கொரு கேஷ் பிறந்து சாகும். ஏற்றும் ஸ்கிரிப்ட் ஒவ்வோர் ஆவணத்தோடும் கமிட் அனுப்பினால் இன்னும் மோசம். மந்தமான சேர்வர்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சாஃப்ட் கமிட்டை மூடிவிடுங்கள். ஹார்ட் கமிட்டை 15 செக்கன்டுக்கு ஒருமுறை, 'ஓபன்சேர்ச்சர்=ஃபால்ஸ்' என்று வையுங்கள். தரவு வட்டுக்குப் போகும், கேஷ் தொடப்படாது. ஆவணங்களை 500 முதல் 1000 வரை ஒரு கட்டாக அனுப்பி, எல்லாம் முடிந்தபின் ஒரேயொரு கமிட். மாறாத ஆவணங்களை மறுபடி அனுப்பாதீர்கள். சோலருக்கு அது அழித்து எழுதுவது, அதனால் உள்ளடக்கம் ஒன்றே ஆனாலும் இன்டெக்ஸ் மாறியதாகவே கொள்ளும். உண்மையில் எதுவும் அனுப்பாமல் வரும் கமிட்டை மட்டும் அது கண்டுகொள்ளாது, பழைய சேர்ச்சரே தொடரும்.

புதிய சேர்ச்சர் வெறுங்கையோடு வராமல் இருக்க ஆட்டோவார்ம். பழைய கேஷில் அதிகம் புழங்கிய சாவிகளை எடுத்து, புதிய இன்டெக்ஸில் மறுபடி ஓட்டி, தயாரான பிறகே சேர்ச்சரைப் பணிக்கு விடும். அதுவரை பழையது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். எத்தனை சாவி என்பதை நாம் சொல்ல வேண்டும். வடிகட்டி ஒன்றுக்கு 20 மில்லிசெக்கன்ட் என்றால் 128 சாவிக்கு இரண்டரை செக்கன்ட். 300 மில்லிசெக்கன்ட் பிடிக்கும் கனமான வடிகட்டிகள் என்றால் அதே 128க்கு 38 செக்கன்ட். அதற்குள் அடுத்த கமிட் வந்தால் சேர்ச்சர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, லொக்கில் (சேர்வரின் பதிவேட்டில்) 'ஓவர்லாப்பிங் ஆன்டெக் சேர்ச்சர்ஸ்' என்ற எச்சரிக்கை வரும். அதைப் பார்த்து மேக்ஸ் வார்மிங் சேர்ச்சர் எண்ணைக் கூட்டுவது நோயை மூடி மறைப்பது. கமிட்டைக் குறையுங்கள், அல்லது வார்ம் எண்ணைக் குறையுங்கள். இன்னொன்று: வார்ம் நடக்கும்போது பழைய கேஷும் புதிய கேஷும் ஒருங்கே மெமரியில் இருக்கும். முன்பு போட்ட 77 மெகாபைட் அந்த நேரத்தில் 154 வரை போகலாம். ஹீப்பை இரண்டு மடங்குக்குத் திட்டமிட வேண்டும். எங்கள் உதாரணத்துக்கு ஃபில்டர் கேஷில் 32 சாவி வார்ம் ஆனால் நிறைவு, 22 வடிகட்டியும் அதற்குள் அடங்கிவிடும்.

டாக்குமென்ட் கேஷை வார்ம் செய்ய முடியாது. உள் ஆவண எண்கள் சேர்ச்சருக்குச் சேர்ச்சர் மாறுவது காரணம். அதன் அளவு, ஒரு கேள்விக்கு அதிகபட்ச விடைகளை ஒரே நேரத்தில் வரும் கேள்விகளால் பெருக்கியதைவிடச் சற்று அதிகம் இருந்தால் போதும். பக்கத்துக்கு 20 விடை, ஒரே நேரத்தில் 10 பேர் என்றால் 256 தாராளம்.

குவெரி ரிசல்ட் கேஷில் பதிவு சிறியது, ஆவண எண்களின் பட்டியல் மட்டும். விண்டோ அளவு 20 என்று இருந்தால், முதல் 10 விடை கேட்டவருக்கே 20 விடையையும் சேர்த்து வைத்துக்கொள்ளும், இரண்டாம் பக்கம் இலவசம். பக்கத்துக்கு 20 காட்டுபவர்கள் இதை 40 ஆக்கலாம்.

மின்சாரம் போனால் ஆட்டோவார்ம் உதவாது. ஒக்டோபர், நவம்பர் இடிமழையிலும் தென்மேல் பருவக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறும் நாட்களிலும் மலையகத்தில் சேர்வர் திடீரென்று நிற்பது வழக்கமான காரியம். எழும்பும்போது வார்ம் செய்யப் பழைய சேர்ச்சரே இருக்காது. அதற்கென்று இருப்பது ஃபர்ஸ்ட் சேர்ச்சர் லிசனர். அதில் அந்த 22 வடிகட்டிகளையும், விலையால் வரிசைப்படுத்தும் ஒரு கேள்வியையும் எழுதி வையுங்கள். ஐம்பது, நூறு என்று எழுதினால், இயல்பான அமைப்பில் அவை முடியும்வரை முதல் பயனர்கள் காத்துக் கிடப்பார்கள். ஏலப் பட்டியலை ஏற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிருந்தால், கடைசி ஹார்ட் கமிட்டுக்குப் பின் அனுப்பிய கட்டுகளை மறுபடி அனுப்பிவிடுங்கள். சோலரின் டிரான்ஸாக்ஷன் லொக் (மாற்றங்களை எழுதிவைக்கும் கோப்பு) பெரும்பாலும் மீட்டுத் தரும். ஆனால் இயல்பான அமைப்பில் அது ஒவ்வொரு முறையும் வட்டில் ஆழப் பதியும்வரை காத்திருப்பதில்லை. ஆண்டு, விற்பனை இலக்கம், தரகர், லொட் இலக்கம் சேர்ந்த தனிச்சாவி இருந்தால் மறுபடி அனுப்புவதால் இரட்டிப்பு வராது.

4 கிகாபைட் கணினியில் ஹீப்புக்கு 1 கிகாபைட்டுக்கு மேல் தர வேண்டாம். சோலருக்குள் இருக்கும் லூசீன் நூலகம், இன்டெக்ஸ் கோப்புகளை இயங்குதளத்தின் பக்கக் கேஷ் (வட்டுக் கோப்புகளை ராமில் வைத்திருக்கும் இடம்) வழியாகவே வாசிக்கிறது. 3 கிகாபைட்டை ஹீப்புக்கு எழுதிக் கொடுத்தால் அந்தக் கேஷுக்கு இடமில்லாமல் ஒவ்வொரு தேடலும் வட்டைத் தட்டும். பழைய சுழல் வட்டில் அது உடனே தெரியும்.

எலாஸ்டிக்சேர்ச் என்ற இன்னொரு தேடல் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குச் சில சொல்: அங்கே குவெரி கேஷ் முனைக்கு (ஒரு சேர்வருக்கு) ஒன்று, ஹீப்பில் 10 சதவீதம், ஃபில்டர் பகுதியில் உள்ளவற்றுக்கு மட்டும். ஷார்ட் (இன்டெக்ஸின் ஒரு துண்டு) ரிக்வெஸ்ட் கேஷ் ஹீப்பில் 1 சதவீதம். விடை எண்ணிக்கை 0 என்று கேட்கும் தொகுப்புக் கேள்விகளையே அது இயல்பாக வைத்துக்கொள்ளும். அதன் சாவி, கேள்வியை எழுதி அனுப்பும் ஜேசன் (JSON) உடல் முழுவதும் என்பதால், புலங்களின் வரிசை மாறினாலே வேறு சாவி. கேள்வியை எப்போதும் ஒரே வரிசையில் உண்டாக்கும் நிரல் எழுதுங்கள். 'நவ்' பற்றிச் சொன்னது அங்கும் அப்படியே பொருந்தும்.

இவ்வளவும் செய்தபின் அளவு. ஒரு வாரத்து சோலர் லொக்கை எடுத்து, எஃப்கியூ மதிப்புகளை மட்டும் பிரித்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். ஐந்து முறைக்கு மேல் வந்தவை எத்தனையோ, அதைவிடச் சற்று அதிகமே ஃபில்டர் கேஷின் அளவு. ஒருமுறை மட்டும் வந்தவை பட்டியலில் பாதிக்கு மேல் என்றால் இன்னும் எங்கோ ஒரு ஸ்லைடரோ 'நவ்'வோ ஒளிந்திருக்கிறது, தேடிப் பிடியுங்கள். பிறகு நிர்வாகப் பக்கத்தின் கேஷ் பகுதியில் ஹிட் விகிதத்தையும் (கேஷிலிருந்தே விடை கிடைத்த பங்கு) வெளியேற்ற எண்ணிக்கையையும் பாருங்கள். கமிட் ஆன உடனே பார்த்தால் சாதாரண எண்கள் சுழியத்திலிருந்து தொடங்கியிருக்கும், 'கியூமுலேட்டிவ்' என்று தொடங்குபவற்றைப் பாருங்கள். ஃபில்டர் கேஷில் 0.9க்குக் குறைந்தால் காரணம் தேடுவேன். குவெரி ரிசல்ட் கேஷில் 0.3 வந்தாலே திருப்தி, மனிதர் தட்டும் சொற்கள் அவ்வளவு வேறுபடும். வெளியேற்றம் சுழியம், பதிவு 60 என்று நின்றால் 512கூடத் தேவையில்லை, 128 வையுங்கள்.

லொக்கில் வரும் கியூடைம் (சோலர் விடை தேடிய நேரம்) 6 மில்லிசெக்கன்ட், ஆனால் லிந்துலையில் போன் வைத்திருப்பவருக்கு நாலு செக்கன்ட் என்றால் கேஷைத் தொடாதீர்கள். கியூடைமில் விடையை எழுதி அனுப்பும் நேரம் சேராது. அங்கே குறைக்க வேண்டியது அனுப்பும் பொதியை. எஃப்எல் அளவுருவில் பக்கத்தில் காட்டும் ஐந்தாறு புலங்களை மட்டும் கேளுங்கள். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட், 'கொ' என்ற ஒரே எழுத்துக்கே ஆறு. அதனால் என்ஜின்எக்ஸில் ஜேசனுக்கு ஜிஸிப்பை இயக்குங்கள். இயல்பாக அது எச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும், ஜேசன் வகையை ஜிஸிப் டைப்ஸ் வரியில் தனியாக எழுத வேண்டும்.